கிணற்றில் குடியிருப்பவள்

சுரங்கத்தில் பம்ப் ஓட்டுபவரின் மனைவி கிணற்றுக்குள் குடிபோனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலைச் சமையலை முடித்த பிறகு. சுரங்கக் குழி நிலத்தடி நீரைவிட ஆழமாகப் போயிருந்தது. ஓயாமல் இறைக்காவிட்டால் அடியிலுள்ள நீர் குழியின் தரையை முட்டித் தூக்கிவிடும். இறைத்தால் தெருக் கிணறுகள் வற்றும். வற்றின. பம்ப்காரர் வீட்டுக் கிணற்றில் மட்டும் கையகலத் தண்ணீர் மிச்சம், அதுவும் வாளியைக் கண்டால் விலகி ஓடியது. அவள் கயிற்றைப் பிடித்து இறங்கி அதன் நடுவில் நின்றாள். தண்ணீர் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு அடங்கியது. காலை எடுத்தால் மண்ணுக்குள் போய்விட்டது. சரி, என்ன செய்ய என்று அங்கேயே இருந்துவிட்டாள்.

அதன்பிறகு தெரு முழுக்க அந்த ஒரு கிணற்றில்தான் குடித்தது. அவள் வாளியை நிரப்பி அனுப்புவாள். அதே வாளியில் அவளுக்குச் சோறு இறங்கும். வருடா வருடம் நீர் இறங்க, அவளும் கூடவே இறங்கினாள். பகலெல்லாம் பம்ப் ஓட்டிப் பெண்டாட்டியைக் கீழே இறக்கிவிட்டு சாயங்காலம் எட்டிப் பார்க்கிறான் என்று குடத்தோடு நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் அனுப்பிய தண்ணீரைக் குடித்துக்கொண்டேதான் சிரித்தார்கள், வெட்கங்கெட்ட ஜனம். மகளுக்கு அம்மா என்றால் ஒரு தலை வகிடு. பிறகு அதுவும் கண்ணுக்கு எட்டவில்லை. அம்மாவின் மூக்கு எப்படியிருக்கும் என்று அவள் கேட்ட அன்று பம்ப்காரர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு, குழியில் ஆள் இருக்காது என்று நம்பி எல்லா மோட்டாரையும் நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினார். தோண்டும் இயந்திரம் ஓட்டும் மச்சினன், அறுந்த செயினை மாட்டக் கீழே இறங்கியிருந்தது அவருக்குத் தெரியாது. கிணற்றில் நீர் ஏறியது. அவளும் ஏறி வந்தாள். மகள் சுவரில் குப்புறப் படுத்து அம்மாவின் முகத்தைத் தடவினாள்.

“என்னங்க, தண்ணிக்குள்ள சம்மட்டிச் சத்தம் கேக்குது. என் தம்பி அடிக்கிற அடி அது. போய் மோட்டாரப் போடுங்க.”

“முதல்ல நீ ஏறி வா. கையக் குடு.”

“நான் ஏறிட்டா இவங்க எல்லாம் எதைக் குடிப்பாங்க?”

கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தாள். இழுத்துப் போட்டுவிடலாம் என்று குனிந்தார். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பாவி மனுஷன், ஓவென்று அழுதார். அழுதுகொண்டே ஓடினார்.

குழியின் தரை அதற்குள் ஊதத் தொடங்கியிருந்தது. மோட்டார்கள் பிடித்ததும் அடங்கியது. மச்சினன் சேறும் சகதியுமாக உயிரோடு வந்தான். விட்ட நேரத்துக்கும் சேர்த்து இறைக்கும்படி மேலதிகாரி உத்தரவு போட்டார். அன்று வாளி எட்டவில்லை, இன்னொரு கயிற்றை முடிந்தார்கள். அவள் இப்போது இருக்கும் ஆழத்திலிருந்து பேச்சு மேலே வர ஒரு ராத்திரி பிடிக்கிறது. “தம்பி வந்துட்டானா?” என்று அவள் கேட்டது மறுநாள் காலை, மச்சினன் வேலைக்குப் புறப்படும்போதுதான் வந்து சேர்ந்தது. “வந்துட்டேன்க்கா” என்று அவன் கிணற்றுக்குள் குனிந்து சொல்லிவிட்டு, குழியை இன்னும் ஆழமாகத் தோண்டப் போனான்.