ஓடும்போது மட்டும் கம்மல்

வீட்டை விட்டு ஓடிப்போகும் பையனின் அந்தப் பழைய சிறுவர் படத்தை, முப்பத்தைந்து வருடம் கழித்துத் தூசி தட்டித் திரையிட்டார்கள். பையனாக நடித்தவர் தொப்பையும் வெல்வெட் கோட்டுமாக மேடையேறி, ஏறக்குறைய படத்தின் நீளத்துக்கே பேசினார்.

"ஓடுற ரயில்ல தாவினது நான். கூரை மேல ஓடினது நான். பயம்னா என்னன்னே எனக்குத் தெரியாது!"

கைதட்டல். மைக்கே தாங்காமல் ஒருமுறை வீறிட்டது.

கடைசி வரிசையில், அந்தத் தியேட்டர் நாற்காலிகளுக்கு உறை தைப்பவளும் அவளுடைய பதினோரு வயது மகளும். "தாவினது நான்தான்டி" என்று அம்மா சொன்னதை நம்பிப் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு, ஒரு மாதமாகக் கேலிக்கு ஆளாகிறவள் மகள்.

"கேட்டியா? அவரே சொல்லிட்டாரு. ஏம்மா எங்கிட்ட புளுகின?"

அம்மா நாற்காலி உறையில் பிரிந்திருந்த தையலை நீவிவிட்டாள். ஆபத்தான காட்சிகளில் முதுகுதான் தெரியும். முதுகுக்கு யார் பெயர் போடுவார்கள்?

படம் ஓடியது. பையன் வாசலில் நின்று அழுதான். பிறகு ஓடி ரயிலில் தாவினான். மகள் முன்னால் சாய்ந்தாள்.

"அம்மா, இவன் காதுல என்னமோ மின்னுது."

"கம்மல். திருகாணி கழலல, கரி பூசிவிட்டாங்க. வேர்வையில அழிஞ்சிடுச்சு."

மகள் அதற்குப் பிறகு திரையில் காதைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. படம் முடிந்ததும் நாற்காலி மேலேயே ஏறி நின்றாள்.

"சார், ஓடும்போது மட்டும் ஏன் கம்மல் போட்டுக்கிட்டீங்க?"

சிரிப்பு. விழாத் தலைவர் பாய்ந்து வந்து முட்டுக்கொடுத்தார். "அது அந்தக் காலத்து ஃபேஷன், பாப்பா."

"அப்போ அழும்போது ஏன் போடல?"

பெரிய மனிதருக்கு அன்று முதல்முறையாகப் பேச்சு சின்னதாக வந்தது.

"அப்போ நான் தண்ணி வண்டிக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டிருந்தேன். தாவினது லைட்டுக்காரர் பொண்ணு, குருவி. நான்தான்னு சொல்லிச் சொல்லி எனக்கே பழகிடுச்சு. அவ இப்போ எங்க இருக்காளோ..."

"இதோ! எங்கம்மா!"

அவர் மூச்சிரைக்கக் கடைசி வரிசைக்கு வந்தார். "குருவியா? இவ்ளோ பெருசாவா?"

"நீ மட்டும் என்ன, அப்படியேவா இருக்க?" என்றவள், கோட்டுக் கையைத் தடவிப் பார்த்தாள். "துணி நல்லா இருக்கே. நாலு சீட்டுக்கு வரும்."

அம்மாவும் மகளும் வெளியே வந்தபோது பஸ் நகரத் தொடங்கியிருந்தது.

"விடு, முட்டி வலிக்குது. அடுத்ததுல போலாம்."

"ரயில்ல தாவினவ பேசற பேச்சா இது?" மகள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாம்மா, ஓடு!"

ஓடினார்கள்.