குடுங்க, நான் போட்டுக் காட்டுதேன்

"குடுங்கக்கா, நான் போட்டுக் காட்டுதேன்" என்று சுஜா சொல்லி முடிப்பதற்குள் ஆரி ஊசி நஸீராவின் கையிலிருந்து அவள் கைக்கு வந்துவிட்டது. பிடுங்கினாள் என்று சொல்ல முடியாது. பால் பொங்கும்போது அடுப்பை அணைக்க யாரிடமும் அனுமதி கேட்பதில்லை அல்லவா, அப்படித்தான் அதுவும் நடந்தது. துணிக்கு மேலே வலது கை ஊசியைக் குத்த, துணிக்கு அடியில் இடது கை நூலை ஊசியின் கொக்கி முனையில் மாட்டிவிட, சரசரவென்று கண்ணிமேல் கண்ணி விழுந்து ஒரு முருங்கைப் பூவின் இதழ் முடிந்தது. "மாஷா அல்லாஹ்" என்றாள் நஸீரா. சுஜாவுக்கு உள்ளே இனித்தது. அந்த இரண்டு மணி நேர வகுப்பில் ஆறு பேரிடமும் இப்படியே இனித்தது.

வகுப்பு முடிந்ததும் வந்தனா மேடம் ஆறு துணிகளையும் மேசைமேல் வரிசையாக விரித்து வைத்தார். செம்பூரில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற தையல் பயிற்சிக் கூடம் அது. ஆரி வேலை சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள், சுஜாவுக்கு அன்று சோதனை வகுப்பு. மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு துணியாகப் பார்த்தார். "சுஜாஜி, யே சப் தோ ஆப்கா ஹாத் ஹை" என்றார். எல்லாம் உங்கள் கைதானே என்று. பாராட்டு என்று நினைத்துச் சிரிக்கப்போன சுஜா, அவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஆறு பெண்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வந்தது என்று கேட்டார் மேடம். குர்லாவிலிருந்து இன்னொரு பெண்ணும் வந்து வகுப்பெடுத்துவிட்டுப் போயிருக்கிறாளாம். அடுத்த சனிக்கிழமை நீங்கள் மறுபடி எடுங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இந்தியில் மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் சுஜாவை அதிகம் பயமுறுத்தியது.

இந்த வேலை கிடைக்காவிட்டால் சோற்றுக்கு முடை என்றெல்லாம் இல்லை. தாராவியில் கரீம் பாட்சாவின் பட்டறைக்கு அவள் பல வருஷமாக டிசைன் வரைந்து கொடுக்கிறாள். பட்டர் பேப்பரில் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் பொடிப்பொடியாகத் துளையிட்டுக் கொடுத்தால், அவர்கள் அதைத் துணிமேல் வைத்து வெள்ளைப் பொடி தேய்த்து இறக்கிக்கொள்வார்கள். கரீம் பாட்சா தங்கமான மனிதர். ஆனால் அவள் வரைந்த பூ எந்தக் கடைக்குப் போய் எந்தக் கல்யாணப் பெண்ணின் முதுகில் ஏறியது என்பது அவருக்கே தெரியாது, அவளுக்கு எங்கே தெரியப்போகிறது. ஒருமுறை மாட்டுங்கா மார்க்கெட்டில் மல்லிகை வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முதுகில் தன் முருங்கைப் பூவைப் பார்த்தாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் மடியில் உதிர்ந்த பூவைப் பார்த்து வரைந்தது. ஒரு இதழ் மட்டும் பின்னால் மடங்கியிருக்கும், அது அவள் கைக்கே உரிய கோணல். அந்த முதுகின் பின்னாலேயே ஸ்டேஷன் வரை நடந்தாள். என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியவில்லை. அந்தப் பெண் ரயிலேறிப் போய்விட்டாள். வகுப்பென்று ஒன்று இருந்தால், இது சுஜா டீச்சர் டிசைன் என்று சொல்ல ஆறு பேராவது இருப்பார்கள். அவளுக்கு அதுதான் வேண்டும். அதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் ஆசை அதிகம் என்பார்கள்.

சரி, சனிக்கிழமை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போயிற்று என்று நினைத்தால், அந்தச் சனிக்கிழமை வகுப்பு மத்தியானத்தில் விழுந்தது. மத்தியானம் மாமனார் லாசருக்கு இன்சுலின். மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும். அவருக்குக் கண்ணில் புரை, கை வேறு நடுங்கும். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தது சுஜாவுக்கு மட்டும்தான், அன்றிலிருந்து அவளைத் தவிர இன்னொருவர் அந்த இன்சுலின் பேனாவைத் தொட்டதில்லை. மருமகள் முன்னால் பனியனைத் தூக்கக் கூச்சப்பட்டு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார், இவள் வயிற்றோரத்தில் போட்டுவிட்டு வருவாள். புருஷன் ஜாபெஸ் ஏசி மெக்கானிக். பதினான்காவது மாடி சன்னலுக்கு வெளியே ஒற்றைக் காலை ஊன்றி ஏசி மாட்டுகிற வீரன். மகளுக்குக் காது குத்தின அன்று மயங்கி விழுந்ததும் அதே வீரன்தான். "எனக்கு அந்த ஊசியைக் கண்டாலே கால் வெடவெடங்கு. வேற எது வேணாலும் சொல்லு, செய்யுதேன்" என்றான். வேறு எதையும் அவள் சொல்வதில்லை என்பது அவனுக்கும் தெரியும். சொல்லி, அவன் தேடி, எங்கே இருக்கு என்று கேட்டு, அதற்குப் பதில் சொல்வதற்குள் அவளே செய்து முடித்துவிடலாம். அந்த வீட்டில் எல்லாக் காரியமும் இந்தக் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது முடித்த மகளுக்கு இன்னமும் அவள்தான் சடை பின்னிவிடுகிறாள்.

ஆகவே மகள் அனிஷாவுக்குச் சொல்லிக்கொடுப்பதென்று முடிவானது. மே மாத லீவு, பிள்ளை வீட்டில்தான் இருக்கிறாள். பேனாவின் எண் தெரிகிற சன்னல் கடுகளவு, அந்த இருட்டு வீட்டில் சுஜாவுக்கே சரியாகத் தெரியாது. அதனால் நர்ஸ் சொன்னபடி சத்தத்தை எண்ணித்தான் போடுவாள். ஒவ்வொரு திருகலுக்கும் ஒரு டிக், பன்னிரண்டு டிக். லாசரும் சுவரைப் பார்த்தபடியே கூட எண்ணுவார். திங்கட்கிழமை அனிஷா பேனாவைப் பிடித்த பிடியே சுஜாவுக்குப் பிடிக்கவில்லை, வாங்கித் தானே போட்டாள். செவ்வாயன்று மகள் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு போட்டாள். புதனும் அப்படித்தான்.

"மம்மி, நீ கையைப் புடிச்சுக்கிட்டே இருந்தா நான் எப்படிப் போடுறது? விடேன், சோடோ நா!" என்று அனிஷா கத்தினாள்.

"புள்ள போடட்டும்மா. நான் என்ன எந்திச்சு ஓடியா போயிருவேன்?" என்றார் லாசர் சுவரிடம்.

சுஜாவுக்கு இருவரும் சொல்வது புரியாமல் இல்லை. ஆனால் போன பெரிய வெள்ளிக்கிழமை அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் கோயிலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார் மனுஷன். பிரசங்கத்தின் நடுவில் வேர்த்து ஊற்றி, என்னவோ உளறி, அப்படியே பெஞ்சிலிருந்து சரிந்தார். வாயில் சர்க்கரையைக் கரைத்து ஊற்றித்தான் அவரை எழுப்பினாள், அதற்குப் பின் அந்தப் பேனாவை இன்னொரு கையில் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. வியாழனும் வெள்ளியும் அவளே போட்டாள். நாளைக்கு உன் பொறுப்பு என்றாள் மகளிடம்.

சனிக்கிழமை காலை இரண்டு வேளைக்குச் சமைத்து வைத்துவிட்டு, மறந்ததென்ன மறந்ததென்ன என்று வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, சயானில் பஸ் பிடித்து செம்பூருக்குச் சீக்கிரமே போய்ச் சேர்ந்தாள். வகுப்பறையில் யாரும் இல்லை. ஆறு ஃப்ரேமிலும் துணியை இழுத்துக் கட்டி, முருங்கைப் பூவை இறக்கினாள். இன்று கையை நீட்டக் கூடாது, சரி. வகுப்பு ஆரம்பிக்கும் முன்னால் தொட்டால் என்ன? தொடங்கும்போதுதானே எல்லாரும் தடுமாறுகிறார்கள், தொடங்கிக் கொடுத்துவிட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு துணியிலும் முதல் இதழில் பாதிவரை அவளே போட்டு வைத்தாள். தொடர்ந்து போட வசதியாகக் கடைசிக் கண்ணியை முடிச்சிடாமல் விட்டாள். மனசு கொஞ்சம் அடங்கியது.

வகுப்பு தொடங்கியது. போன்களெல்லாம் ஆபீஸ் அறைக் கூடையில். வந்தனா மேடம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தாளில் எதையோ குறித்துக்கொண்டிருந்தார். சுஜா தன் இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் சுற்றிக்கொண்டாள். வாயால் மட்டும் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. ஊசியை நேராகப் பிடிங்க, நேராக என்றால் சாயாமல், சாயாமல் என்றால், ஐயோ, இதைக் கையில் காட்டினால் ஒரு நொடி. சுவர்க் கடிகாரம் வேறு அவள் கண் போகிற இடத்திலேயே மாட்டியிருந்தது. மாமாவுக்குச் சாப்பாட்டு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. ஜாபெஸ் அரை நாள் வேலை முடித்து வந்திருப்பான். வந்தென்ன, ஊசியை எடுத்ததும் வாசலுக்குப் போய் நின்றுகொள்வான்.

"டீச்சர், இங்க கொஞ்சம் பாருங்களேன்" என்றாள் நஸீரா. சுஜாவைவிட ஏழெட்டு வயது மூத்தவள், டீச்சர் என்று கூப்பிடும்போதெல்லாம் சுஜாவுக்குக் கூச்சமாக இருக்கும். "துணி நிறத்துலயே நூலு, இதுல முன்னாடியே போட்டிருக்குன்னு எனக்குத் தெரியல. நீங்க சொன்னபடி முதல்லேருந்து எண்ணிப் போட்டேன். இப்ப ரெட்டையா விழுந்து கயிறு மாதிரி ஆயிட்டு."

சுஜா குனிந்து பார்த்தாள். அவளுடைய மெல்லிய சங்கிலிமேல் நஸீராவின் சங்கிலி ஏறி, இதழ் இருந்த இடத்தில் தடித்த வரப்பாக நின்றது. முன்னாடியே போட்டிருக்குன்னு தெரியல. முதல்லேருந்து எண்ணிப் போட்டேன். வீட்டில் வைத்துவிட்டு வந்த பேனா ஞாபகம் வந்தது.

காலையில் கிளம்பும் அவசரத்தில், பிள்ளை சரியாகத் திருகுவாளோ மாட்டாளோ என்று, பேனாவையும் பன்னிரண்டுக்குத் திருகி வைத்துவிட்டு வந்திருந்தாள். அனிஷா அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், அதற்குள் குக்கர் விசில் அடித்தது, சொல்லவில்லை. சத்தத்தைத்தான் எண்ண வேண்டும், எண்ணைப் பார்க்காதே என்று ஒரு வாரமாக ஓதியிருக்கிறாள். பன்னிரண்டின்மேல் இன்னொரு பன்னிரண்டு.

"மேடம், ஏக் போன் கர்னா ஹை. கர் பே." வீட்டுக்கு ஒரு போன் பண்ண வேண்டும் என்று.

"க்ளாஸ் கே பீச் மே?", வகுப்புக்கு நடுவிலேயா என்று கேட்ட வந்தனா மேடத்தின் பேனா தாள்மேல் அப்படியே நின்றது. போனால் இந்த வேலை போயிற்று என்று சுஜாவுக்கு அந்த நொடியில் நிச்சயமாகத் தெரிந்தது. பதில் சொல்லாமல் ஆபீஸ் அறைக்கு ஓடினாள்.

ஜாபெஸின் போன் முழுசாக அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவையும் ஓய்கிற நேரத்தில் அனிஷா எடுத்தாள்.

"மக்களே, தாத்தாவுக்கு ஊசி போட்டுட்டியா?"

"போட்டாச்சு. சாப்பிட்டுட்டு இருக்காங்க."

"எத்தன டிக்?"

"பன்னெண்டு."

சுஜா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, அந்தப் பேனா..."

"முன்னாடியே பன்னெண்டுல இருந்துச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஜீரோவுக்குத் திருப்பிட்டு முதல்லேருந்து எண்ணினேன். தாத்தாவும் எண்ணினாங்க. ஏன் மம்மி அப்படி வச்சிட்டுப் போனே? மேரே பே பரோசா நஹி தா?"

"அப்படி இல்லட்டி..."

"சொல்லக்கூட இல்ல நீ. நான் பாக்காமப் போட்டிருந்தா? தாத்தா ரசம் கேக்குறாங்க. வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். கர்த்தரே, கர்த்தரே என்று நாலைந்து தடவை சொன்னாள். பெரியவர் ரசம் கேட்கிறார், அது போதும். அந்த நிம்மதி வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது. என்மேல் நம்பிக்கை இல்லையா என்று பிள்ளை கேட்டதற்கு இல்லை என்பதுதானே பதில், அதை இவள் ஒரு வாரமாகக் கையால் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். இதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது. தான் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு மத்தியானம் நடந்துவிட்டது என்ற சின்ன வலி. அதை அவள் அதிக நேரம் பார்க்க விரும்பவில்லை. மறுபடி போன் செய்து, ஒரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்க்கச் சொல்லலாமா என்று விரல் போனது. போனைக் கூடையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வகுப்பறை வாசலில் நின்றாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. ஆறு தலைகளும் குனிந்திருந்தன. ஒருத்தி இதழைக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோயிருந்தாள். ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்றாவது கண்ணியிலேயே இருந்தாள். வந்தனா மேடம் நாற்காலியை நஸீராவின் ஃப்ரேம் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். என்ன எழுதுகிறார் என்பது இங்கிருந்து தெரியாது. அவர் நிமிர்ந்து சுஜாவைப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

சுஜா கைகளை மறுபடி துப்பட்டாவுக்குள் சுற்றிக்கொண்டு நஸீராவின் பக்கத்தில் போய் நின்றாள். நஸீரா தான் போட்டதை அதற்குள் அவிழ்த்திருந்தாள். இப்போது துணியில் சுஜாவின் பாதி இதழ் மட்டும் இருந்தது. முடிச்சிடாத அந்தக் கடைசிக் கண்ணியை நஸீரா நகத்தால் நெம்பி, நூலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். சங்கிலித் தையல் அப்படித்தான், முனை கிடைத்தால் நிற்காது. மளமளவென்று கண்ணிக்குப் பின் கண்ணியாகக் கழன்று, வெறும் நூலாக அவள் கையில் வந்துவிட்டது. துணியில் பொடித் துளைகள் மட்டும் மிஞ்சின.

"உங்களதையும் சேத்து உருவிட்டேன் டீச்சர்" என்றாள் நிமிராமலே. "மனசுல வச்சுக்காதீங்க."

"உருவுங்கக்கா" என்றாள் சுஜா.

நஸீரா ஊசியைக் குத்தினாள். கொக்கி வெறுமனே மேலே வந்தது. மறுபடி குத்தினாள், மறுபடி வெறும் கொக்கி. சுஜாவின் வலது கை துப்பட்டாவுக்குள் ஒருமுறை துள்ளியது. மூன்றாவது குத்தில் நூல் மாட்டி, தொளதொளவென்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு கண்ணி மேலே எழுந்தது. நஸீரா மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது நழுவிவிடாமல் ஊசியிலேயே ஏந்தியபடி, அடுத்த குத்துக்கு இடம் தேடினாள்.