பஞ்சு கடித்த பல் டாக்டர்

பல் டாக்டருக்கு ஒரு வியாதி இருந்தது. எதிராளி ஒரு வார்த்தை ஆரம்பித்தால் போதும், மீதியை இவரே பேசி முடித்துவிடுவார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? நோயாளியின் வாய்க்குள் கண்ணாடியையும் கொக்கியையும் போட்டுவிட்டு, "வலிக்குதா? இல்லல்ல? அவ்வளவுதான்" என்று கேள்வியும் தானே பதிலும் தானேயாக இருபத்தைந்து வருஷம் ஓட்டிய மனிதர்.

வீட்டில் அது செல்லுமா? பல் மருத்துவம் படிக்கும் மகள் லீவுக்கு வந்திருந்தாள். "அப்பா, காலேஜ்ல..." என்று இழுப்பாள். "ரெக்கார்டு நோட்டுதானே? வாங்கிடலாம்." மறுநாள், "அப்பா, எனக்கு..." என்பாள். "இளைச்சுட்டே, தெரியுது. ஹாஸ்டல் சாப்பாடு அப்படித்தான்." அவள் எழுந்து போய்விடுவாள்.

மனைவிதான் ஒரு நாள் பிடித்து உலுக்கினாள். "அவ உங்ககிட்ட என்னமோ சொல்லணும்னு தவியாத் தவிக்கிறா. முதல்ல அப்பாகிட்டதான் சொல்வாளாம். அடுத்த வாரம் கிளம்பிடுவா, ஞாபகம் இருக்கா?"

பெண்ணின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததை டாக்டரும் பார்த்திருந்தார். ஏதாவது பெரிய நோயோ? அன்றைக்கே, பழக்கங்களை மாற்றக் கற்றுத்தரும் தடிப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார்.

மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டு, குறுக்கே பேசும்போதெல்லாம் சுண்டச் சொன்னது புத்தகம். இரண்டு நாளில் மணிக்கட்டு சிவந்தது, வாய் நிற்கவில்லை. பத்து வரை எண்ணிவிட்டுப் பேசு என்றது. நாலிலேயே பதில் பிய்த்துக்கொண்டு வந்தது. தவறுகளைக் குறித்து வை என்றது. முதல் நாள் ஏழு, நாலாம் நாள் பதினொன்று! மனம் வைத்தால் போதுமாம். மனம் வைத்துத்தான் இருந்தார், வாய் கேட்டால்தானே?

மகள் கிளம்ப ஒரு நாள்தான் பாக்கி. டாக்டர் மாடியிலிருந்து இறங்கி, கீழே இருந்த தன் கிளினிக்குக்குப் போனார். பல் பிடுங்கியவர்களுக்குக் கடிக்கக் கொடுக்கும் பஞ்சை எடுத்துத் தானே கடித்துக்கொண்டு, மகள் எதிரில் வந்து உட்கார்ந்தார். ‘பல் எடுத்தாச்சு. ஒரு மணி நேரம் பேசக் கூடாது’ என்று சீட்டில் எழுதிக் காட்டினார்.

"எந்தப் பல்லுப்பா?"

வலது பக்கக் கடைசிப் பல்லைத் தொட்டுக் காட்டினார்.

"அது போன வருஷமே போயாச்சே! உங்க பல் டாக்டர் ஃப்ரெண்டுகிட்ட நான்தானே கூட்டிட்டுப் போனேன்?"

ஊரார் பல்லையெல்லாம் எண்ணத் தெரிந்தவர் சொந்த வாயில் கோட்டை விட்டிருந்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் அசடு வழிய, பஞ்சை எடுக்கக் கையைக் கொண்டு போனார்.

"எடுக்காதீங்க! நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

சொன்னாள். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது, மூன்று தடவை விழுந்தாகிவிட்டது, நாலு மாதமாக வகுப்புக்கே போகவில்லை. "உங்க பேரைக் கெடுத்துடுவேனோன்னு தூக்கமே இல்லப்பா. இந்தப் படிப்பு எனக்கு வேண்டாம்."

நடுவில் டாக்டருக்கு மூன்று யோசனைகள் வந்தன. மூன்றும் பஞ்சில் முட்டி "ம்ம்" என்று நின்றன. அதற்குள் ஒன்று உறைத்தது: நோய் இல்லை. பெண் நன்றாகத்தான் இருக்கிறாள். அப்பாடா! அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் முடித்ததும் பஞ்சை எடுத்தார். தீர்ப்புக்குக் காத்திருப்பவள் மாதிரி அவள் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"நீ என்னம்மா பண்ணலாம்னு இருக்கே?"

அவள் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். வாயில் பஞ்சு இல்லாமலே அவர் காத்திருந்தார்.