அரிசி டிரம்மில் ஒரு சீறல்

பச்சை நிறத்தில் ஒரு கட்டம், அதற்குள் வெள்ளையாக ஒரு கேமரா. கைபேசியைப் பற்றி ஜக்கம்மாளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அயர்லாந்துக்கு விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள், மகள் கீர்த்தனா தன் பழைய ஐபோனைத் தாயின் கையில் வைத்து, "இத அமுக்கும்மா, நான் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று முதல் ஜக்கம்மாள் அமுக்கினாள்; மகளும் வந்தாள். சாணார்பட்டிக்குக் கிழக்கே, சம்பங்கித் தோட்டத்தின் நடுவே தனியாக நின்ற அந்த ஓட்டு வீட்டுக்குக் கம்பி இழுத்து வைஃபை போட்டதுகூட இந்தப் பச்சைக் கட்டத்துக்காகத்தான்.

மணியடித்தால் அவளுக்கு நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும். ஆகவே ஓசையை நிறுத்தி வைத்து, போனை எப்போதும் இடுப்பில் செருகிக்கொள்வாள். அழைப்பு வந்தால் இடுப்பில் குறுகுறுவென்று அதிரும். அதுவே போதுமானதாக இருந்தது. அவள் கணவர் பெருமாள்சாமிக்கோ போன் என்ற ஒன்றே கிடையாது. "பூவுக்கு வெலை கேக்க ஊருக்குள்ள அம்புட்டுப் பேர்ட்ட போன் இருக்கு. எனக்கு எதுக்கு?" என்பார்.

அன்று விடியலில் சம்பங்கி பறித்துக்கொண்டிருந்தபோது இடுப்பு அதிர்ந்தது. ஜக்கம்மாள் எடுத்துப் பார்த்தாள். கீர்த்தனா எழுதியிருந்தாள்: "அம்மா, தண்ணி உடைஞ்சிருச்சுன்னு அத்தை சொல்றாங்க. இன்னும் எட்டாம் மாசம்கூட முடியலையே. ஆஸ்பத்திரிக்குப் போறோம். பயமா இருக்கும்மா."

மகளுக்குத் துணையாக அயர்லாந்தில் இருந்தவர்கள் இருவர்தாம்: மருமகன் முகேஷ்குமார், பிரசவம் பார்ப்பதற்கென்று போயிருந்த அவன் தாய் அழகம்மாள். ஜக்கம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கணவரிடம் காட்டவேண்டும் என்று வரப்பின்மேல் ஓடினாள். மோட்டார்த் தொட்டியருகே சேற்றில் வழுக்கியது. அவள் சமாளித்து நின்றுவிட்டாள். கையில் இருந்தது நிற்கவில்லை. தொட்டித் தண்ணீருக்குள் ஒரு வெளிச்சம் ஆடி ஆடிக் கீழே இறங்கியதை அவள் கண்ணால் பார்த்தாள். பெருமாள்சாமி குதித்து எடுத்தபோது திரை கரும்பலகையைப்போல் ஆகிவிட்டிருந்தது.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் அப்துல் லத்தீப் என்பவர் கைபேசிக் கடை வைத்திருந்தார். அவர் ஐபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், உதறினார், உதட்டைப் பிதுக்கினார்.

"முடிஞ்சுபோச்சுண்ணே. சிம்மும் வேலை செய்யல. யாரு பேர்ல வாங்குனது?"

"எங்க பாப்பா பேர்ல."

"அப்பப் பாப்பா நேர்ல வந்தாத்தான் அதே நம்பரு கிடைக்கும். இப்போதைக்குப் புது நம்பரு போட்டுக்கங்க. ஆண்ட்ராய்டு போன் ஒண்ணு தாரேன், வாட்ஸ்அப் ஏத்தித் தாரேன். மக நம்பரச் சொல்லுங்க, இப்பவே கூப்புட்டுருவோம்."

பெருமாள்சாமி விழித்தார். "நம்பரா? அவ மூஞ்சி இருக்கும்யா அதுல. மூஞ்சியத் தொட்டா வருவா."

லத்தீப் சிரிக்கவில்லை. அந்த முகமும் அதற்குப் பின்னால் இருந்த எண்ணும் கறுத்துப்போன போனுக்குள்ளேயே இருந்தன. மருமகன் எண்ணும் அப்படியே; ஊரில் வேறு யாரிடமும் அவை இல்லை. "சரி, இத வீட்டுல அரிசிக்குள்ள போட்டு வைங்க. ஈரத்த இழுக்கும். வந்தா வரும்" என்று சொல்லிப் பழையதைத் திருப்பிக் கொடுத்தார்.

ஜக்கம்மாள் அதை அரிசி டிரம்மில் ஆழமாகப் புதைத்து, சரியாகப் பொருந்தாத மூடியை மேலே வைத்தாள். பிறகு புதுப் போனைக் கையில் எடுத்தாள். அதிலும் பச்சையாக ஒன்று இருந்தது. ஆனால் உள்ளே கேமராவுக்குப் பதிலாக ஒரு போன் படம். அமுக்கினாள். யாரும் வரவில்லை. குடிவந்த அன்று சாமான் இறக்காத வீடுபோல அது காலியாக இருந்தது. மறுபடியும் அமுக்கினாள். அந்த நேரத்தில் மகள் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறாளா, அறுவைக்குக் கொண்டுபோய்விட்டார்களா, அல்லது... அந்த 'அல்லது'வுக்கு மேல் அவள் மனம் ஓர் அடிகூட வைக்க மறுத்தது.

இருட்டும் முன் விளக்கேற்றி, தனக்குப் பெயர் தந்த குலதெய்வத்தின் படத்துக்கு முன் நின்றாள். "தாயே, ஜக்கம்மா! எம் மக பொழச்சு வந்தான்னு சேதி எங்காதுல விழுகிற வரைக்கும் நான் அரிசியில கை வைக்க மாட்டேன். வச்சேன்னா என்னையக் கேளு."

அடுப்பு அணைந்தது. பெருமாள்சாமி கடையில் வாங்கி வந்த பன்னைத் தண்ணீரில் நனைத்து விழுங்கினார். அவள் அதையும் தொடவில்லை.

இங்கே ஒரு தவளையின் கதையைச் சொல்லியாக வேண்டும். இரண்டு தவளைகள் தோழிகள். ஒருத்தி குட்டையில் இருந்தாள். மற்றவள் கிணற்றில் இருந்தாள். ஒருநாள் கிணற்றுத் தவளை, வாளியில் ஏறி வேறு தோட்டத்துக் கிணற்றுக்குப் போய்விட்டது. சொல்லிக்கொள்ள நேரமில்லை. குட்டைத் தவளை மாலையில் வந்து பழைய கிணற்றின் விளிம்பில் நின்று, "இருக்கிறாயா?" என்று கூவியது. கிணறு, "இருக்கிறாயா?" என்று எதிரொலித்தது. ஆள் இருக்கிறாள், ஏனோ கோபத்தில் பதில் சொல்லாமல் நம் பேச்சையே திருப்பிச் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டு அது திரும்பியது; மறுநாளும் வந்தது. புதுக் கிணற்றில் இருந்தவளோ, தோழி நம்மை மறந்துவிட்டாளே என்று வாடிக்கொண்டிருந்தாள். இருவரில் யாரும் தவறு செய்யவில்லை. கிணறு மாறியதைக் கிணற்றுக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

அயர்லாந்திலிருந்து அனுப்பிய ஒவ்வொரு செய்தியின் கீழும் 'சேர்ந்துவிட்டது' என்று வந்துகொண்டிருந்ததை ஜக்கம்மாள் எப்படி அறிவாள்?

மறுநாள் முற்பகலில்தான் அந்த ஓசை முதலில் கேட்டது. பெருமாள்சாமி தோட்டத்தில் இருந்தார். ஜக்கம்மாள் அடுக்களைச் சுவரில் சாய்ந்து, புதுப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தகர டிரம்முக்குள்ளிருந்து, "கர்ர்ர்ர்" என்று நீளமாக ஒரு சீறல். சற்று ஓய்ந்து மீண்டும் ஒரு சீறல். சிறுமலை அடிவாரத்துத் தோட்டங்களில் வாழ்கிறவர்களுக்கு அப்படிச் சீறுவது எது என்று யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கண்ணாடி விரியன்!

அவள் மெல்ல எழுந்தாள். மூச்சு விடாமல் அம்மிக்குழவியை இரு கைகளாலும் தூக்கி வந்து, டிரம்மின் மூடிமேல் வைத்தாள். பிறகு வாசலுக்கு ஓடினாள்.

பக்கத்துத் தோட்டத்து மாயம்மாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு எட்டவே நின்றுகொண்டாள். "விரியனேதான்டி. போன வருசம் எங்க கடலை மூட்டைக்குள்ள இப்படித்தான் சீறுச்சு. அடி, அடுப்பு எரியாத வீட்டுக்குள்ள எலி வரும். எலி வந்தா அதுவும் வரும். மக சேதி வரலைன்னு நீ வகுத்தக் காயப்போட்டா பாம்புக்கு இல்ல விருந்தாப்போச்சு!"

"அக்கா, வெளையாடாத. எனக்கு ஈரக்கொலை நடுங்குது."

"நான் எங்க வெளையாடுறேன்? நானே எம் மகனுக்குச் சோறு போடாம ஓடியாந்திருக்கேன்." ஆனாலும் அவள் உள்ளே அடி வைக்கவில்லை.

அன்று பலமுறை சீறியது. ஒவ்வொரு சீறலும் ஜக்கம்மாளுக்கு ஒரு கெட்ட செய்தியாகப் பட்டது. அரிசியில் கை வைக்கமாட்டேன் என்று சொன்ன வீட்டில் அரிசிக்குள்ளேயே நஞ்சு வந்து படுத்திருக்கிறதென்றால் இதற்கு என்ன பொருள்? தாய் கோபமாக இருக்கிறாளா? மகள் கட்டிலில் கிடந்து, 'அம்மா' என்று கூப்பிடுவது இங்கே இப்படிக் கேட்கிறதா? கடைசி நினைப்பு வந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த நாள் காலையில் பெருமாள்சாமி பூக்கூடையோடு திண்டுக்கல்லுக்குப் புறப்பட்டார். "பூவப் போட்டுட்டு லத்தீப் தம்பியப் பாத்துட்டு வாரேன். வேற ஏதாச்சும் வழி இருக்கும். நீ அந்தப் பக்கம் போகாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெயில் முற்றத்தில் ஏறிய நேரத்தில் புதுப் போன் மணியடித்தது. ஜக்கம்மாள் பதறி எடுத்தாள். மகள் அல்ல, லத்தீப்பின் போனிலிருந்து கணவர்.

"ஏ பிள்ள, அந்தப் பழைய போனு எங்க?"

"செத்த போனு இப்ப என்னத்துக்கு?"

"செத்துச்சான்னு யாருக்குத் தெரியும்? லத்தீப் தம்பி சொல்றாரு, திரை மட்டும் போயி உள்ள உசுரு இருந்தா, பாப்பா கூப்புடுறதும் எழுதுறதும் இன்னமும் அதுக்குத்தான் போகுமாம். சிம் இல்லாட்டியும் வீட்டு வைஃபைலயே வருமாம். நம்ம போனு மாத்துனது அவளுக்குத் தெரியாதுல்ல? சார்ஜு தீரும் முன்னாடி அத எடுத்தாத்தானாம்."

"அது டிரம்முக்குள்ள கெடக்கே!"

மறுமுனையில் கணவர், "அய்யய்யோ" என்றார். "தொட்டுறாத. தோட்டனூத்துல பவுல்ராஜுன்னு பாம்பு பிடிக்கிற ஆளு இருக்காரு. கூட்டிக்கிட்டு வந்துர்றேன். கேட்டியா? தொட்டுறாத!"

போன் அடங்கியது. கணவர் தோட்டனூத்துக்குப் போய், அந்த ஆளைக் கண்டுபிடித்து, பேருந்துக்குக் காத்திருந்து, வந்து சேர்வதற்குள் உள்ளே மிச்சம் இருக்கும் உயிரும் தீர்ந்துபோகலாம். அப்படித் தீர்ந்தால் மகளின் முகமும் அதோடு போய்விடும்.

ஜக்கம்மாள் டிரம்மைப் பார்த்தாள். உள்ளே விரியன் இருந்தது. அதைவிடப் பெரிய அச்சம் ஒன்றும் அங்கே இருந்தது: அவள் வாக்கு. மகள் பிழைக்கவேண்டும் என்று வைத்த வாக்கை, மகள் பிழைத்தாளா என்று அறிவதற்காக உடைக்கலாமா? உடைத்த கையால் அவளே மகளுக்கு எமனாகிவிட்டால்? பாம்பு கடித்தால் தான் மட்டும் போவோம் என்பது அவளுக்குத் தைரியமாகக்கூட இருந்தது. மற்றது அப்படியில்லை.

"தாயே! என்னைய என்ன வேணா பண்ணு. பிள்ளைய விட்டுரு" என்று சொல்லிக்கொண்டு, கோணிச் சாக்கை வலக்கையில் சுற்றினாள், இடக்கையில் அரிவாளை எடுத்தாள். அரிவாளைக் கீழே வைக்காமல் குழவியை நகர்த்த முடியவில்லை. வைத்தாள். குழவி தரையில் இறங்கியது. மூடியைக் காலால் தள்ளிவிட்டு, ஒரே தாவலில் வாசற்படிக்குப் போய் நின்றாள்.

மூடி சுழன்று அடங்கியது. ஒன்றும் வெளியே வரவில்லை. அரிசி, மேலே வெள்ளையாக, அசையாமல் இருந்தது.

அவள் திரும்பி வந்து அரிவாளை எடுத்தாள். அதன் நுனியால் அரிசியைக் கிளறினாள். பக்கமெல்லாம் சரிந்ததே தவிர வாலும் இல்லை, தலையும் இல்லை. அந்தக் கணத்தில், அரிசியின் அடியிலிருந்து, அவள் முகத்துக்கு நேராக, "கர்ர்ர்ர்" என்றது. அரிவாள் கை நழுவி விழுந்தது. தாவி ஓடத் திரும்பிய அவள் கால்கள் நின்றன. அரிசி மணிகள் ஓரிடத்தில் மட்டும் சன்னமாகத் துள்ளிக்கொண்டிருந்தன. சீரான இடைவெளியில் துள்ளின, ஓய்ந்தன, துள்ளின.

அந்தத் தாளத்தை அவள் காது அறியவில்லை; அவள் இடுப்பு அறிந்தது. இத்தனை காலம் அவள் உடம்பில் ஒட்டியே அதிர்ந்த ஒன்று. தகரத்தில் பட்டால் எப்படி ஒலிக்கும் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

சாக்கை உதறிவிட்டு வெறுங்கையை முழங்கை வரை அரிசிக்குள் விட்டாள். இழுத்தாள். திரையின் பாதியில் பனி படர்ந்ததுபோல் மங்கல். மறுபாதியில் கீர்த்தனாவின் முகம். மூலையில் சிவப்பாக ஒரு கோடு. பச்சை வட்டத்தைத் தொட்டாள். தவிடு ஒட்டிய விரலை அது மதிக்கவில்லை. மீண்டும் தொட்டாள். அதிர்வு நின்றது. திரை கறுத்தது.

"போயிராத, போயிராத கண்ணு" என்று அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கையைச் சேலையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரமோ. பிறகு உள்ளங்கையில் மீண்டும் குறுகுறுத்தது. இம்முறை விரல் ஏற்றது.

தோன்றியது மகள் முகம் அல்ல. அழகம்மாளின் முகம். தலை கலைந்திருந்தது, கண்கள் வீங்கியிருந்தன. அவள் ஜக்கம்மாளைப் பார்த்ததும் ஓவென்று அழத் தொடங்கினாள்.

ஜக்கம்மாள் போனை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தாள். 'சொல்லாதே' என்று கும்பிட நினைத்தாள், கை எழவில்லை.

"சம்மந்தி! உசுரோடதான் இருக்கீங்களா?" என்றாள் அழகம்மாள். "சேந்துச்சு சேந்துச்சுன்னு காட்டுது, ஒரு பதிலும் இல்ல. மணி போகுது, எடுக்க ஆளில்ல. உங்களுக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சுன்னு இவ அழுத அழுகை... ஊருக்கு ஆள் அனுப்பிப் பாக்கச் சொல்ல இருந்தோம்!"

"கீர்த்தி... கீர்த்தி எங்க?"

"இந்தா இருக்கா. பொம்பளப் பிள்ள பொறந்திருக்கு. குட்டியூண்டு. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க, மூச்சு நல்லா விடுதாம்."

திரை ஆடியது. தலையணையும், அதன்மேல் பாதி முகமும் தெரிந்தன. "அம்மா, எங்கம்மா போயிட்ட?" என்றது மெலிந்த ஒரு குரல். "நீ கோவமா இருக்கியோன்னு..."

"உம்மேல எனக்கென்ன கோவம், தங்கம்" என்று ஜக்கம்மாள் சொல்லி முடிப்பதற்குள் சிவப்புக் கோடு தீர்ந்தது. திரை கறுத்தது. இப்போது அது மெய்யாகவே அணைந்துவிட்டது.

அவள் பழைய சார்ஜரைத் தேடிக் கண்டெடுத்துச் செருகினாள். பிறகு தரையில் சிந்திய அரிசியை ஒரு மணிகூட விடாமல் கூட்டி அள்ளினாள். சேதி காதில் விழுவதற்கு முன்பே கை அரிசிக்குள் போய்விட்டது. அதை அவள் மறக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சிறிய உடம்பை எண்ணியபோதெல்லாம் அந்தக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அள்ளிய அரிசியைக் களைந்து, உலை வைத்து, முதல் கரண்டிச் சோற்றைக் குலதெய்வத்தின் படத்துக்கு முன்னால் ஆவி பறக்க வைத்தாள். "கை வச்ச கணக்கு எங்கிட்ட மட்டும் இருக்கட்டும்" என்று முணுமுணுத்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பெருமாள்சாமி வியர்வை வழிய ஓடி வந்தார். பின்னால் நீண்ட கொக்கிக் கம்பியும் துணிப்பையுமாகப் பவுல்ராஜ். அவருக்கும் பின்னால், எட்டத்தில், மாயம்மாள். மூடி திறந்து கிடக்கும் டிரம்மைக் கண்டு பெருமாள்சாமிக்கு முகம் வெளிறியது.

"ஏ பிள்ள! பாம்பு எங்க?"

ஜக்கம்மாள் திரும்பவில்லை. சுவரோரத்தில், சார்ஜர் வயரின் நுனியில் கிடந்த கறுத்த போனையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் போடாதீங்க" என்றாள். "சார்ஜு ஏறுது."