சந்தனமா, மயில்கழுத்தா

சுவரில் இரண்டு திட்டுகள். ஒன்று சந்தன நிறம், அம்மா சொன்னது. இன்னொன்று மயில்கழுத்து நீலம், நான் கேட்டது. பெயிண்டர் மாதிரிக்கு அடித்துக் காட்டிவிட்டு, "பார்த்துச் சொல்லுங்க" என்று கூடத்துக்கு வேலை செய்யப் போய்விட்டார். நானும் பார்க்கிறேன், பார்க்கிறேன், பார்த்துக்கொண்டே இருக்கிறேன். விளக்கைப் போட்டுப் பார்த்தேன், அணைத்துப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்து, மூடி, கட்டிலில் ஏறி நின்றுகூடப் பார்த்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அந்த மனுஷனை இதில் பாதி பார்த்திருந்தால் போதும்.

ஆமாம், புருஷனை விட்டு வந்தவள்தான் நான். வந்து ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. துணியெல்லாம் இன்னும் பெட்டியில் இருக்கிறது. நான் வளர்ந்த வீடுதான்; ஆனாலும் அலமாரியில் இடம் கேட்க வாய் வரவில்லை.

அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி அறை வாசலில் வந்து நின்றாள்.

"சந்தனமே இருக்கட்டும்டி. யாருக்கும் ஒத்துப்போகும்."

"யாருக்கும்னா? இந்த ரூம்ல நான்தானே இருக்கேன்?"

"இப்ப இருக்கே. நீலம் அடிச்சிட்டா, பின்னாடி அதை மறைக்கிறதுக்குள்ள உயிர் போயிடும்னு பெயிண்டரே சொன்னார். நாளைக்கே உங்களுக்குள்ள சமாதானமாகி நீ கிளம்பிட்டா..."

சுரீரென்றது. "நான் போறதுக்குத் தோதா கலர் பார்க்கறியா?"

"உன் நல்லதுக்குத்தான்டி சொல்றேன்."

"அப்ப வாசல்ல 'அறை வாடகைக்கு'ன்னு எழுதியே மாட்டிடேன்!"

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, வழக்கம்போல் வாயே திறக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அம்மாவைவிட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன, முத்து உதிர்ந்துவிடுமா?

"முடிவாச்சாம்மா?" என்று பெயிண்டர் எட்டிப் பார்த்தார். "இல்லை" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார். மறுபடியும் விளக்கைப் போட்டேன், அணைத்தேன்.

அப்பா திரும்பி வந்தபோது தோளில் ஒரு பெரிய டப்பா இருந்தது. மூச்சு வாங்கியபடி இறக்கி வைத்தார். அடையாளத்துக்காகக் கடையில் மூடிமேல் ஒரு பொட்டு பெயிண்ட் வைத்திருந்தார்கள். நீலம்.

அம்மா பதறினாள். "என்னங்க இது? போய் மாத்திட்டு வாங்க!"

"மிஷின்ல போட்டுக் கலந்தாச்சு. கலந்ததைக் கடைக்காரன் திருப்பி வாங்க மாட்டான்."

"இவ கிளம்பிப் போயிட்டா?"

"போனாலும் வந்தாலும் இது அவ ரூம்."

அவர் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா விறுவிறுவென்று உள்ளே போய் என் பெட்டியை இழுத்தாள். எனக்குப் பக்கென்றது. திறந்து, துணிகளை அப்படியே அள்ளினாள். "பெயிண்ட் பட்டா போகவே போகாது" என்று முணுமுணுத்துக்கொண்டே தன் அலமாரிக்குப் போய், தன் துணிகளை ஒரு ஓரமாகத் தள்ளி, என்னுடையதை அடுக்கினாள். பிறகு காலிப் பெட்டியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு எட்டாது. நீயே பரண்மேல போட்டுடு."