மாஸ்டர் இளைத்துவிட்டார்

திருக்கோகர்ணத்தில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் வசந்தகுமாருக்கு விளம்பரப் பலகை கிடையாது. அதற்குத் தேவையும் இருந்ததில்லை. ஆர்டர் பேசப் போகிற வீட்டுக்குள் முதலில் அவருடைய வயிறு நுழையும், அப்புறம் அவர் நுழைவார். அந்த இடைவெளிக்குள்ளேயே பெண்ணைப் பெற்றவர்களுக்கு நம்பிக்கை வந்துவிடும். இவ்வளவு பெரிய உடம்பை வளர்த்த கை நம் விருந்தாளிகளைப் பட்டினியா போட்டுவிடும் என்று வெற்றிலை பாக்கைத் தட்டில் வைத்து நீட்டிவிடுவார்கள். கூட்டா பொரியலா என்றுகூட அதிகம் விசாரிக்க மாட்டார்கள்.

அந்த வயிற்றுக்கு வேட்டு வைத்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

ஒரு வரவேற்பில் பந்தி முடிகிற நேரம். யாரோ வற்புறுத்தியதால் மேடைக்கு எதிரே கிடந்த கைவைத்த நாற்காலி ஒன்றில் வசந்தகுமார் சற்றே உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து, சமையல் மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாக மைக்கில் அறிவித்தார்கள். வசந்தகுமார் எழுந்தார். நாற்காலியும் எழுந்தது. அவர் கும்பிட்டபடி மேடைப் படியில் ஏற, அது விசுவாசமாகப் பின்னாலேயே ஏறியது. கேமராக்காரர் கடமை தவறாதவர். மண்டபத்தின் இரண்டு பக்கமும் வைத்திருந்த பெரிய திரைகளில் அதை அப்படியே காட்டினார். மாப்பிள்ளை குனிந்து சிரித்தார். பெண் குனியாமலே சிரித்தாள். பரிமாறுகிற ஆட்கள் இரண்டு பேர் ஓடிவந்து நாற்காலியின் காலைப் பிடித்து இழுத்துப் பிரித்தெடுத்த பிறகுதான் பொன்னாடை போர்த்த முடிந்தது. அது அவருக்கா, நாற்காலிக்கா என்று பின்வரிசையில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

அவர் வீடு போய்ச் சேருவதற்குள் அந்தக் காட்சி பாதி மாவட்டத்தின் ஸ்டேட்டஸில் போய்ச் சேர்ந்துவிட்டது.

மனைவி பிரகதீஸ்வரி அதை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"ஊரு நாற்காலியப் பாக்குது. நான் அதப் பாக்கலங்க. அந்தச் சின்னப் படியில ஏறுறதுக்கு உங்களுக்கு எப்படி மூச்சு வாங்குது பாருங்க."

வசந்தகுமார் பார்த்தார். வாயைத் திறந்து திறந்து மூடுகிற மீனைப் போல ஒரு பெரிய மனிதர் திரையில் நின்றிருந்தார். மறுநாளே டாக்டரிடம் போனார். டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைக் காலமானார் விளம்பரம் படிப்பதைப் போன்ற முகத்தோடு படித்து முடித்து, எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்றார்.

எடையைக் குறைக்கப் போகிறேன் என்று ஒரு மனிதர் வெளியில் சொன்னால் போதும், ஊரில் இருக்கிற அத்தனை பேரும் டாக்டராகிவிடுகிறார்கள். மளிகைக் கடைக்காரர் கொள்ளு என்றார். பால்காரர் பாலை விடச் சொன்னார், ஆனால் தன்னிடம் வாங்குவதை விடவேண்டியதில்லையாம். எதிர்வீட்டுப் பரிமளா தேன் கலந்த வெந்நீரைச் சொன்னாள். அவள் அதை வருஷக்கணக்காகக் குடித்து வருகிறாள், தேனின் எடைதான் குறைந்திருக்கிறது.

எல்லாரையும் விட அதிகமாக ஊக்கம் கொடுத்தவன் பிரகதீஸ்வரியின் தம்பி கண்ணுசாமி. வசந்தகுமாரின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்கிறவன், அவருக்குக் கொஞ்சமும் இளைத்தவனல்ல. தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் அவன் குரல் வரும்: "எழுந்திரிங்க மச்சான்! தூங்குறவன் தோத்தவன்! ஓடுங்க, ஓடிக்கிட்டே இருங்க!" பின்னணியில் மின்விசிறிச் சத்தமும், அவன் புரண்டு படுக்கையில் கட்டில் முனகுவதும் கேட்கும்.

ஜிம்மில் பயிற்சி கொடுத்தவன் அஜித் என்கிற இளைஞன். சுவர் முழுக்க ஆங்கிலத்தில் வாசகங்கள் எழுதியிருந்தன. எடை தூக்கிக் கை நடுங்கிக்கொண்டிருந்த வசந்தகுமார் ஒன்றைக் காட்டி, "தம்பி, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"தெரியலண்ணே. பெயிண்டர் எழுதுனது. ஆனா பாத்தா ஒரு வெறி வருதுல்ல?"

வெறி வந்தது, எடையை அவன் காலில் போட்டுவிடலாமா என்கிற அளவுக்கு. பிறகு அவன் ஒரு பெரிய டப்பாவில் புரதப் பொடி கொடுத்தான். வசந்தகுமார் அதைக் கரைத்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்து, மாவு இன்னும் கொஞ்சம் ஊறவேண்டும் என்று தொழில்முறைக் கருத்து சொல்லி மூடி வைத்துவிட்டார். அதன்பின் அதைத் திறக்கவில்லை.

உண்மையில் வழி காட்டியது கரண்டிதான். ஒரு கல்யாணத்தில் அடுப்பங்கரையில் நின்றபோது, தான் என்ன செய்கிறோம் என்பதை முதல்முறையாகக் கவனித்தார். சாம்பாரில் உப்புப் பார்க்க ஒரு கரண்டி, உப்புச் சரியாக இருக்கிறது என்ற சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி, கேசரி பதம் பார்க்க ஒரு கை, அந்தத் தித்திப்பை மாற்ற ஒரு வடை. இப்படி ருசி பார்த்தே இரண்டு பந்தி சாப்பிட்டுவிட்டு, "வேலை நேரத்துல நான் ஒண்ணும் சாப்பிடுறதில்ல" என்று இத்தனை காலம் மனசாரச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்றோடு ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கு நுனியால் தொடுவதோடு நிறுத்திக்கொண்டார். விடிந்ததும் புதுக்குளத்தைச் சுற்றி நடந்தார். முதலில் பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்து நடந்தார், பிறகு பெஞ்சுகளை மறந்து நடந்தார். ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கினார். பசி வந்தபோது பசித்தது. அதற்கு வேறு வைத்தியம் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. மாதங்கள் போகப் போக வயிறு உள்ளே போனது, கழுத்து வெளியே வந்தது. படியேறிவிட்டுப் பேச முடிந்தது. குனிந்து தன் செருப்பைத் தானே மாட்டிக்கொண்ட அன்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊருக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்காக.

"என்ன மாஸ்டர், இப்படி ஆயிட்டீங்க? ஷுகரா?"

"இல்லைங்க, நடக்குறேன்."

"ஆமா, ஷுகருக்கு நடக்கத்தான் சொல்லுவாங்க."

குண்டாக இருந்தபோது அவர் உடம்பைப் பற்றி ஒருநாளும் விசாரிக்காதவர்கள், வழியில் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொன்னார்கள். ஒருவர் தஞ்சாவூரில் நல்ல ஆஸ்பத்திரி இருப்பதாக அட்ரஸ் கொடுத்தார். பரிமளா பிரகதீஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுவா இருந்தாலும் எங்கிட்ட மறைக்காத" என்று அழுதாள்.

இதையெல்லாம் வசந்தகுமார் சிரித்தே கழித்திருப்பார், வல்லத்திராக்கோட்டைத் தமிழ்செல்வன் வராமல் இருந்திருந்தால். தமிழ்செல்வன் குவைத்தில் வேலை பார்க்கிறவர். மகள் கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தார்.

"மாஸ்டர் இல்லீங்களா?"

"நான்தாங்க மாஸ்டர். உக்காருங்க."

தமிழ்செல்வன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னைக்கு நாற்காலியோட மேடை ஏறுனாரே, அவரப் பாக்கணுங்க."

"அதுவும் நான்தாங்க."

"வெளயாடாதீங்க. நாங்க குவைத்துல ரூமே சேர்ந்து பாத்தோம். என்னா கம்பீரம்! என் மக கல்யாணத்துக்கு இவருதான் சமையல்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்." வந்தவர் எழுந்துகொண்டார். "தப்பா நெனைக்காதீங்க. நாலு பேரு வந்து போற எடம். சமைக்கிறவரே காஞ்சு போயிருந்தா, அவரே அவரு சோத்தத் திங்கிறதில்லன்னு பேசிருவாங்க."

அதன்பிறகு வந்த இரண்டு ஆர்டரும் இதே மாதிரி வாசலோடு திரும்பிப் போயின. வசந்தகுமார் துவண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் கண்ணுசாமி வழி சொன்னான்.

"வீடியோவுல உருவத்தத்தான மச்சான் பாத்தாங்க, மொகத்த யாரு பாத்தா? நான் உக்காந்துக்கிறேன் மாஸ்டரா."

வெள்ளை வேட்டி, கழுத்தில் சங்கிலி, முன்னால் பரந்து விரிந்த வயிறு என்று கண்ணுசாமி நாற்காலியில் அமர்ந்தான். கைவைக்காத நாற்காலிதான். தமிழ்செல்வனுக்குப் போன் போட்டு, அன்றைக்குப் பார்த்தவர் வெறும் கையாள், நிஜ மாஸ்டர் இப்போதுதான் வெளியூரிலிருந்து வந்தார் என்று சொன்னார்கள். அவர் வந்து பார்த்தார், பரவசப்பட்டார், வெற்றிலை பாக்கை நீட்டினார். பிறகு பக்கத்தில் நின்ற வசந்தகுமாரிடம், "தம்பி, மாஸ்டருக்கும் எனக்கும் டீ சொல்லுங்க" என்றார். கண்ணுசாமியை விட வசந்தகுமாருக்கு வயது அதிகம் என்பது உடம்பு குறைந்ததில் மறைந்து போயிருந்தது. வசந்தகுமார் போய் டீ சொன்னார். ஒரு மரியாதை போனாலும் ஒரு ஆர்டர் வந்ததே என்று சமாதானம் செய்துகொண்டார். ஆவணிக் கல்யாணங்களுக்குப் பேச வந்தவர்களுக்கும் அப்புறம் கண்ணுசாமியையே காட்டினார்கள்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. சமையல் கீழே, பந்தி மாடியில். கண்ணுசாமி எப்படியோ மாடி ஏறி, வருகிறவர்கள் கண்ணில் படும்படி ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டான். இலைக்கு இலை போய் விசாரிக்கவேண்டிய மாஸ்டர் அங்கிருந்தே கும்பிடு போட்டான். வசந்தகுமார் கீழே தாளித்தார், வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினார், குருமா தீர்கிறது என்று கண்டு மறுபடி கீழே ஓடி அடுத்த அடுப்பைப் பற்றவைத்தார். ஒரு பந்திகூட நிற்கவில்லை. மூச்சு சீராக இருந்தது. பழைய உடம்பாக இருந்தால் முதல் வாளியோடு தன்னையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தபோது அவருக்கே பெருமையாக இருந்தது.

பந்தி முடிந்ததும் தமிழ்செல்வன் ரசத்தை வாங்கிக் குடித்துவிட்டு நேரே போய்க் கண்ணுசாமியைக் கட்டிப்பிடித்தார். அவர் கைகள் பின்னால் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

"கைப்பக்குவம்னா இதுதான் மாஸ்டர்! ஒடம்பப் பாத்தாலே தெரியுதே!" பிறகு, காலி வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்த வசந்தகுமாரைக் காட்டினார். "இந்தாளும் நல்லாத்தான் ஓடுறாரு. பாவம், இவருக்கும் ஒரு எலை போடச் சொல்லுங்க."

கண்ணுசாமி அதைக் கேட்டுச் சிரிக்கப் போனான். சிரிப்பு வரவில்லை, வேர்வைதான் வந்தது. படியில் இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதியில் உட்கார்ந்துவிட்டான். வசந்தகுமாரும் ஆட்களுமாக அவனைத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆபத்தில்லை, ஆனால் இது ஒரு எச்சரிக்கை என்றார் டாக்டர். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாமே மாஸ்டர் பதவிக்குப் பொருத்தமான உயரத்தில் இருந்தன.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்த கண்ணுசாமி, அக்கா கொடுத்த கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்தபடி சொன்னான்: "பயந்துட்டேன் மச்சான். நானும் உங்க கூட நடக்க வாரேன். கொறைக்கணும்."

வசந்தகுமாரின் மனசில் ஆவணி முகூர்த்தங்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாமே கண்ணுசாமியின் உருவத்தைக் காட்டிப் பிடித்த ஆர்டர்கள்.

"ஆவணி முடியட்டுமே மாப்ள," என்றார்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. பிரகதீஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்ன முடியட்டும்?"

அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"உங்களுக்கு மூச்சு வாங்குனப்ப எந்த முகூர்த்தம் முடியட்டும்னு நான் சொன்னேன்? அவன் என் தம்பிங்க. உங்க வெளம்பர போர்டு இல்ல."

தன்னை நிறுத்தி வைத்து ஷுகரா என்று கேட்டவர்கள் எல்லாம் தன்னை விட நல்லவர்கள் என்று வசந்தகுமாருக்கு அப்போது தோன்றியது. அவர்கள் அறியாமல் பேசினார்கள். இவர் எல்லாம் தெரிந்தே பேசியிருந்தார்.

"நாளைக்கு விடிய ரெடியா இரு மாப்ள. புதுக்குளத்துக்குப் போவோம்," என்றார்.

அன்று சாயங்காலமே ஆவணி ஆர்டர் கொடுத்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, சமைக்கப் போவது யார் என்கிற உண்மையைச் சொன்னார். இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். ஒருவர், மாஸ்டர் ஒல்லியாக இருந்தால் எண்ணெய் கம்மியாக ஊற்றுவார் என்று தானாகவே முடிவு செய்து சந்தோஷப்பட்டார். மற்றவர்கள் சோறு நன்றாக இருந்தால் சரி என்றார்கள். அப்படி ஒரு வகை மனிதர்கள் ஊரில் இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடைசியாகத் தமிழ்செல்வனுக்கும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவர் அதற்குள் குவைத் போய்விட்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, ஒன்றொன்றாக விசாரித்தார்.

"அப்ப அந்தக் குருமா?"

"நான் வச்சதுங்க."

"ரசம்?"

"அதுவும்தாங்க."

"அப்ப நான் யாரக் கட்டிப்புடிச்சேன்?"

"என் மச்சினனைங்க."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. திட்டப் போகிறார் என்று வசந்தகுமார் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தார். ஆனால் தமிழ்செல்வன் குரலைத் தணித்துக்கொண்டார், அறையில் யாரோ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

"அது கெடக்கட்டும். இங்க மெடிக்கல் செக்கப்புல எனக்கும் எடை சாஸ்தின்னு சொல்லிட்டாங்க. நீங்க எப்படிங்க கொறச்சீங்க?"

வசந்தகுமார் உற்சாகமாக எல்லாவற்றையும் சொன்னார். கரண்டியைச் சொன்னார், குளத்தைச் சொன்னார், பாதிச் சாப்பாட்டைச் சொன்னார், பசி வந்தால் பசிக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

தமிழ்செல்வன் மரியாதையாகக் கடைசிவரை கேட்டார்.

"அதெல்லாம் நமக்கு ஒத்து வராதுங்க," என்றார். "நீங்க வேற என்னமோ சாப்பிட்டிருக்கீங்க. அது பேரச் சொல்லுங்க."