மொத்தத்துக்குப் பின்னால் நின்றவன்

மார்ச் மாத அறிக்கைக்கான முப்பரிமாண சார்ட்டில் பிலவேந்திரன் ஏறி நின்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. சார்ட்டில் நிற்பதில் விசேஷம் ஒன்றுமில்லை. மழைமானி அலுவலகத்தில் மாதம் முடிந்தால் எல்லோரும் நிற்பார்கள். அரைமணி நேரத்தில் இறங்கிவிடுவார்கள். ஒன்பது நாள் நிற்பதுதான் வழக்கமில்லை.

ஏற்பாடு இவ்வளவுதான். ஷீட்டில் ஒரு மழைமானி நிலையத்துக்கு ஒரு வரி. இருபத்து மூன்று நிலையங்கள், இருபத்து மூன்று வரிகள். மேலிருந்து கீழே மவுஸை இழுத்து, சார்ட்டுக்கு வேண்டிய வரிகளைப் பிடிக்க வேண்டும். அதற்கு ரேஞ்ச் என்று பெயர். ரேஞ்சுக்குள் வந்த ஒவ்வொரு வரிக்கும் மூன்றாம் மாடிக் கூடத்தில் ஒரு தூண் எழும்பும். பெய்த மழை எவ்வளவோ அவ்வளவு உயரம். அந்த நிலையத்தில் அளவெடுத்தவர் அதன்மேல் ஏறி நிற்பார். ஷீட்டில் முதலில் இருப்பவர்கள் கூடத்தின் பின்னால், கடைசியில் இருப்பவர்கள் முன்னால். நிற்பவர் தலையைத் திருப்பக் கூடாது. ஆய்வாளர் குணசுந்தரி மஞ்சள் கோட்டில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து டிக் அடிப்பார். டிக் விழுந்தவர் வீட்டுக்குப் போகலாம்.

இந்த மாதம் ரேஞ்சை இழுத்தது பிலவேந்திரன். அவசரத்தில் இழுத்தான். மனைவி செல்வமேரிக்கு நாள் நெருங்கியிருந்தது. ஒரு வரி அதிகமாகக் கீழே போய்விட்டான். இருபத்து நான்காவது வரியில் யாரும் அளவெடுப்பதில்லை. அங்கே மொத்தம் இருந்தார்.

மொத்தத்தின் அளவு நானூற்றுப் பன்னிரண்டு. அவருடைய தூண் பீரோ அகலத்தில் எழும்பி, கூரையைத் துளைத்துக்கொண்டு நான்காம் மாடிக்குப் போனது. அங்கிருந்தவர்கள் அதைத் தடுக்கவில்லை. மேசையைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். கடைசி வரி என்பதால் தூண் கூடத்தின் முன்னால் நின்றது. அதற்கு நேர் பின்னால் பிலவேந்திரன் நின்றான். அவனுடைய நிலையத்தில் பெய்த மழை புள்ளி நான்கு. அவன் தூண் ஓர் அட்டையின் கனம் இருந்தது.

முதல் நாளே மற்றவர்களுக்கு டிக் விழுந்துவிட்டது. மஞ்சள் கோட்டிலிருந்து பார்த்தால் பிலவேந்திரன் தெரியவில்லை. அவனுக்குப் பக்கத்தில் நின்ற இசக்கியம்மாள் பாதி தெரிந்தாள். ஆய்வாளர் நேர்மையானவர். தெரிந்த பாதிக்கு மட்டும் டிக் அடித்தார். இசக்கியம்மாளின் இடப்பாதி செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. வலப்பாதி நின்றது.

“அது அங்க போயி சோறாக்கும், எனக்கென்ன,” என்றது வலப்பாதி. “காதுல கம்மல் மட்டும் அதுகிட்ட ஒண்ணு மாட்டிக்கிட்டு.”

பிலவேந்திரன் சத்தம் போட்டு ஆய்வாளரைக் கூப்பிட்டான். இரண்டு எட்டு வலது பக்கம் தள்ளி நின்று பார்க்கச் சொன்னான். கோடு இருக்கிற இடத்தில்தான் நிற்க முடியும் என்று பதில் வந்தது. அவன் குரல் கேட்கிறதே, அது போதாதா என்று கேட்டான். சார்ட்டில் குரல் வராது, உயரம்தான் வரும் என்றார். கோபமில்லாமல் சொன்னார்.

மூன்றாம் நாள் கிளார்க் வேலாயுதப்பெருமாள் சார்ட்டைச் சுழற்றிப் பார்த்தார். கூடத்தின் மூலையில் அதற்கு ஒரு சக்கரம் உண்டு. பதினைந்து பாகை சுழன்றது. ஜன்னல் கிழக்கிலிருந்து வடக்கே போனது. கழிப்பறைக்குப் போகும் நடை நீண்டுவிட்டது. மஞ்சள் கோடு சார்ட்டின் தரையில் போட்டிருந்ததால் அதுவும் சேர்ந்தே சுழன்றது. ஆய்வாளரும் அதன்மேல் நின்றபடி சுழன்றார். மொத்தம் எல்லோருக்கும் முன்னால் அப்படியே இருந்தார்.

செல்வமேரி தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியோடு வருவாள். பெரிய வயிற்றோடு மூன்று மாடி ஏறுவாள். தூணுக்கு முன்னால் நின்று புருஷனைத் தேடுவாள். தெரியாது. தெரியாத ஆளிடம் சாப்பாட்டைக் கொடுக்க விதியில்லை. தெரிகிற ஆளிடம் கொடுக்கலாம். மேலே துவாரத்திலிருந்து ஒரு கயிறு இறங்கும். தூக்குச்சட்டி மேலே போகும்.

“பாதியாவது கீழ இறக்கும் வே,” என்று பிலவேந்திரன் கத்துவான்.

மேலேயிருந்து மெல்லிய குரலில் பதில் வரும். மொத்தம் பண்பானவர். “நான் சாப்பிட்டா நீரு சாப்பிட்ட மாதிரிதான் வே. என்னைத் தனி ஆளுன்னு நெனைக்காதீரும். உம்ம புள்ளி நாலும் எனக்குள்ளதான் கெடக்கு.”

“எனக்குப் பசிக்கி.”

“எனக்குப் பசிக்கலியே. அப்ப கணக்கு சரிதான.”

எட்டாம் நாள் செல்வமேரி வரவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக இசக்கியம்மாளின் இடப்பாதி வந்து வலப்பாதியிடம் சொல்லிவிட்டுப் போனது. வலப்பாதி பிலவேந்திரனிடம் சொன்னது. குழந்தைக்கு என்ன பெயர் என்று அவன் வந்துதான் முடிவு செய்ய வேண்டுமாம். செல்வமேரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம்.

அன்று பிலவேந்திரன் விண்ணப்பம் எழுதினான். இதை முதல் நாளே செய்திருக்கலாம். ஆனால் விண்ணப்பம் எழுதினால் ரேஞ்சைத் தவறாக இழுத்தது தான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழு நாள் அவனுக்கு மனசு வரவில்லை. இப்போது ஒப்புக்கொண்டான். ‘ரேஞ்சின் கடைசி வரியை நீக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். இசக்கியம்மாளின் வலப்பாதி ஒரு கையால் அதை மடித்துத் தூணைத் தாண்டி எறிந்தது. வேலாயுதப்பெருமாள் எடுத்து இன்வர்டு நம்பர் போட்டார். மறுநாள் பதினொரு மணிக்கு நீக்கலாம் என்று உத்தரவானது.

வேலாயுதப்பெருமாள் ஒழுங்கான மனிதர். பேனாக்களைக்கூட உயரப்படி அடுக்கி வைப்பார். ஆய்வாளரின் கையில் போகிற ஷீட் கண்டபடி கிடக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஒன்பதாம் நாள் காலை பத்தே முக்காலுக்கு ஷீட்டைத் திறந்தார். பெரிய எண் மேலே, சின்ன எண் கீழே வருகிற மாதிரி வரிகளை அடுக்கிவிட்டார்.

கூடம் ஒருமுறை குலுங்கியது. தூண்கள் இடம் மாறின. மொத்தத்தின் தூண் கூரையைக் கிழித்துக்கொண்டே பின்னால் நகர்ந்து சுவரோரம் போய் நின்றது. மொத்தம் முதல் வரி ஆனார். பிலவேந்திரனின் அட்டை தரையில் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. மஞ்சள் கோட்டுக்கு நேர் எதிரே நின்றது. ஒன்பது நாளில் முதல்முறையாக அவன் ஆய்வாளரின் முகத்தைப் பார்த்தான். அவர் மூக்குக்கண்ணாடி மாற்றியிருந்தார்.

“நான் தெரியுதேனா மேடம்?”

“நல்லாத் தெரியுறீங்க.”

“அப்ப டிக் அடிச்சிருங்க.”

ஆய்வாளர் மணியைப் பார்த்தார். பதினொன்றாக இரண்டு நிமிடம் இருந்தது. பதினோரு மணிக்குக் கடைசி வரியை நீக்க வேண்டும், நீக்கியபிறகுதான் டிக், ஷீட் சுத்தமாகாமல் டிக் அடித்தால் தணிக்கையில் கேட்பார்கள் என்று விளக்கினார். பிறகு ஷீட்டைப் பார்த்தார். கடைசி வரியில் பிலவேந்திரன் இருந்தான். புள்ளி நான்கு. அதற்குக் கீழே பெய்தவர் யாருமில்லை.

தான் எழுதியது மொத்தத்தைப் பற்றி என்று பிலவேந்திரன் சொன்னான். ஆய்வாளர் விண்ணப்பத்தை இரண்டுமுறை படித்தார். அதில் மொத்தம் என்ற சொல்லே இல்லை. கடைசி வரி என்றுதான் இருந்தது. அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றான்.

“இன்வர்டு நம்பர் போட்டாச்சே, பிலவேந்திரன்.” அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் விரலை நீக்கும் பட்டனுக்கு மேலே கொண்டுபோய் வைத்திருந்தார்.

நீக்கப்பட்டவர்கள் என்ன ஆகிறார்கள் என்று அவன் கேட்டான். ஒன்றும் ஆகமாட்டார்கள் என்றார் வேலாயுதப்பெருமாள். ரேஞ்சுக்கு வெளியே இருப்பார்கள். கீழே நிறைய இடம் இருக்கிறது. பத்து லட்சம் வரிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. காற்றோட்டமான இடம்.

அப்போதுதான் செல்வமேரி படியேறி வந்தாள். கையில் தூக்குச்சட்டி இல்லை. துணியில் சுற்றிய குழந்தை இருந்தது. விடிகாலை பிறந்ததாம். அவள் கவுண்டரில் நின்று மூச்சு வாங்கினாள். கவுண்டருக்கு எது வந்தாலும் அளந்து பதிய வேண்டும். வேலாயுதப்பெருமாள் குழந்தையை வாங்கித் தராசில் வைத்தார். மூன்று புள்ளி ஒன்று. ஷீட்டில் பிலவேந்திரனுக்குக் கீழே இருந்த முதல் காலி வரியில் எழுதினார். கடைசி வரியை ஒட்டிக் கீழே எதை எழுதினாலும் ரேஞ்ச் தானாகவே நீண்டு அதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அது அதன் குணம்.

பிலவேந்திரனுக்கு முன்னால், மஞ்சள் கோட்டை ஒட்டி, ஒரு சின்னத் தூண் எழும்பியது. வேலாயுதப்பெருமாள் குழந்தையைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தார். குழந்தை ஆய்வாளரைப் பார்த்துக் கிடந்தது. பிலவேந்திரனுக்குப் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. முடி நிறைய இருந்தது.

பின்னால் வெகு உயரத்தில் மொத்தம் தன்னை ஒருமுறை கூட்டிப் பார்த்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“உங்களுக்கு நல்லதாப் போச்சு,” என்றார் ஆய்வாளர். “நீங்க இப்பக் கடைசி இல்ல.” அவர் முகம் தெளிந்துவிட்டது. கடைசி வரியை நீக்கிவிட்டு உடனே அவனுக்கு டிக் அடித்துவிடுவதாகச் சொன்னார். பன்னிரண்டு மணிக்குள் வீட்டில் இருக்கலாம்.

“யாரைங்க நீக்கப் போறாங்க?” என்றாள் செல்வமேரி.

பிலவேந்திரன் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். ஒன்பது நாளாக நின்ற கால். ஏழு நாள் சாப்பாட்டை வேறு ஒருவர் சாப்பிட்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் அரை நிமிடம் இருந்தது. அதில் பாதியை அவன் செலவு செய்தான்.

“அண்ணாச்சி,” என்றான். “பிள்ளையை எழுதுன பொறவு ஷீட்ட அடுக்கவே இல்லியே. கலைஞ்சி கெடக்கு பாருங்க.”

வேலாயுதப்பெருமாள் பார்த்தார். புள்ளி நான்குக்குக் கீழே மூன்று புள்ளி ஒன்று இருந்தது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

“நல்லவேளை சொன்னீரு,” என்றார். “பெருசு மேல, சிறுசு கீழதான?”

“ஆமா. அப்படியே அடுக்கிருங்க.”

தூண்கள் நகர்ந்தன. குழந்தையும் அவனும் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு இடம் மாறினார்கள். துணியின் ஓரம் அவன் முழங்கையில் பட்டது. ஈரமாக இருந்தது. இப்போது அவன் முன்னால் நின்றான். குழந்தை அவனுக்குப் பின்னால். தலையைத் திருப்பக் கூடாது. அவன் திருப்பினான். அதற்குள் பதினொரு மணி ஆகிவிட்டது. ஆய்வாளர் பட்டனை அழுத்தினார்.

வலிக்கவில்லை. அவன் ஒரு வரி கீழே நின்றான். பிறகு பார்த்தால் இரண்டு வரி கீழே நின்றான். காற்றோட்டமாகத்தான் இருந்தது. கட்டம் கட்டமாக வெள்ளைத் தரை, கண்ணுக்கு எட்டியவரை. இடது ஓரத்தில் எண்கள் மட்டும் போய்க்கொண்டே இருந்தன.

மேலே பேசுவது தெளிவாகக் கேட்டது. மொத்தத்தில் புள்ளி நான்கு குறைந்தது. ஆய்வாளர் அறிக்கைக்காக அதை முழு எண் ஆக்கிக்கொண்டார். வித்தியாசம் தெரியவில்லை. இசக்கியம்மாளின் வலப்பாதியைப் பார்த்து டிக் அடித்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். இப்போது அதை யாரும் மறைக்கவில்லை.

“பேரு?”

அவங்கதான் வைக்கணும் என்றாள் செல்வமேரி. பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் டிக் விழாதே என்று ஆய்வாளர் சொன்னார். கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. வேலாயுதப்பெருமாள் தொண்டையைச் செருமினார்.

“இப்ப ஒரு பேரு காலியாயிருக்கு மேடம். ரெஜிஸ்டர்லயும் மாத்த வேண்டாம்.”

செல்வமேரி அழுததாகத் தெரியவில்லை. ஒருவேளை சார்ட்டில் குரல் வராததால் இருக்கலாம்.

“பிலவேந்திரன்,” என்று ஆய்வாளர் கூப்பிட்டார்.

கீழே அவன் “இருக்கேன்” என்றான்.

“சரி. தெரியுறீங்க.” டிக் விழும் சத்தம் கேட்டது. “பிலவேந்திரன் வீட்டுக்குப் போகலாம்.”

படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. அவன் நாற்பதாவது வரி வரை நடந்து உட்கார்ந்தான். சற்று நேரத்தில் பக்கத்துக் கட்டத்தில் ஒரு கயிறு இறங்கியது. நுனியில் கழுவிய தூக்குச்சட்டிகள் ஏழும் கட்டியிருந்தன.